தண்ணீர் எவ்வளவு

எங்கள் மாடியில் இரண்டே வீடுகள். நடுவில் நாலடி அகலத்துக்கு நடை. என் தையல் மிஷினை வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் போட்டிருப்பதால், எதிர்வீட்டில் கரண்டி விழுந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். ஒட்டுக் கேட்கிறாள் என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். காதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டா தைக்க முடியும்?

எதிர்வீட்டுக்காரரை எல்லாரும் எடைக்காரர் என்பார்கள். நெடுஞ்சாலையில் சரக்கு லாரிகளை ஏற்றி நிறுத்தி எடை பார்க்கும் எடைமேடையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவர். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எண் அசையாமல் நிற்கும்வரை பொறுத்திருந்து, சீட்டு எழுதிக் கொடுப்பார். கொஞ்சம் குறைத்துப் போடு என்று கெஞ்சியவர்கள் உண்டு, மிரட்டியவர்களும் உண்டு. யாரிடமும் மசிந்ததில்லை. முதலாளியின் மைத்துனர் லாரியிலேயே முந்நூறு கிலோ கூடுதல் என்று எழுதி, ஒரு வாரம் வீட்டில் உட்கார வைக்கப்பட்டவர். எனக்கே ஒரு தடவை படியேறி மூச்சு வாங்கியபோது ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எழுபத்திரண்டு இருக்கும்" என்றார். எழுபத்திரண்டுதான். பத்து நாள் நான் அவர் முகத்தில் விழிக்கவில்லை.

பொய் சொல்லத் தெரியாத மனிதர். அதற்காகப் பெருமைப்படலாம். ஆனால் மெய்யையும் சொல்லத் தெரியாத மனிதர், எண்ணாக இருந்தால் ஒழிய. அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். வாய் ஓயாத, சிரித்த முகம். இவருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள் என்பதால் இவருடைய ஊமைத்தனம் பல வருஷம் யாருக்கும் உறைக்கவில்லை.

உறைத்தது மகள் கல்யாணத்தில். ஒரே மகள். கூட வேலை பார்த்த பையனைத் தானே பார்த்துக்கொண்டாள். எடைக்காரர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. கல்யாணத்தன்று காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு எடைமேடைக்குப் போய்விட்டார். அக்கா மட்டும் தனியாகப் போய் நின்றுவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு ஆறு வருஷம் மகள் இந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை. அவர் அவளை வராதே என்று ஒரு நாளும் சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை.

அக்கா மகளோடு பேசியதெல்லாம் என் வீட்டில் உட்கார்ந்துதான், என் போனில்தான். காதும் காதும் வைத்தாற்போல் நடக்கிறது என்று நாங்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அவருக்கு முதல் வாரமே தெரியும். வேலை முடிந்து வரும் நேரத்தில் அக்கா பேசிக்கொண்டிருந்தால் மேலே வர மாட்டார். பாதிப் படியில் நின்றுகொள்வார். பேச்சு முடிந்தபின் செருப்பை வேண்டுமென்றே தேய்த்துச் சத்தம் செய்துகொண்டு ஏறி வருவார். இன்னும் எட்டுப் படி ஏறி உள்ளே வந்து, "குடு, நானும் பேசறேன்" என்று கையை நீட்டியிருக்கலாம். எட்டே படி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் கழித்து மகள் உண்டானாள். பிரசவத்துக்கு வந்து மூன்று மாதம் கூட இருக்க வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டாள். ஆறு வருஷத்தில் அவள் கேட்ட முதல் விஷயம். அக்கா என் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மூணு மாசம்னு வாக்குக் குடுத்துட்டேன். 'நீ எப்பவும் அப்பா பக்கம்தாம்மா, பாதியில ஓடிடுவே'ன்னு சொல்றா. ஒரு நாள் குறைய மாட்டேன்னு சொல்லியிருக்கேன். இந்த ஒண்ணுலயாவது அவ பக்கம் நிக்கணும்."

இடைஞ்சல் ஒன்றே ஒன்றுதான். எடைக்காரருக்கு அடுப்பு பற்றவைக்கக் கூடத் தெரியாது. அதற்காகத்தான் அந்த வீட்டுக்குக் கரண்டு ரைஸ் குக்கர் வந்தது. வெள்ளை உடம்பு, கண்ணாடி மூடி, முன்னால் ஒரு விசை, இரண்டு விளக்கு. விசையை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும், சோறு வேகும். வெந்ததும் விசை தானாகவே டக் என்று மேலே எழும்பும், மஞ்சள் விளக்குக்கு மாறும், சோறு சூடாகவே இருக்கும். பருப்பும் காயும் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொள்ளலாம், முட்டை வேகவைக்க அதே குக்கர் போதும். அக்கா ஒரு காகிதத்தில், 'அரிசி ஒரு கப், தண்ணீர் இரண்டரை கப், அடியைத் துடைத்து வைக்கவும், விசையை அழுத்தவும்' என்று எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினாள். மூன்று தடவை செய்து காட்டினாள். அவர் தலையை ஆட்டினார். அவள் ரயில் ஏறினாள்.

முதல் நாள் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். அரிசி போட்டார், தண்ணீர் வைத்தார், அடியைத் துடைத்தார், பிளக்கைச் சொருகினார். மஞ்சள் விளக்கு எரிந்தது. விளக்கு எரிகிறதே, வேலை நடக்கிறது என்று நாற்காலி போட்டு எதிரில் உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். விசையை அழுத்தவே இல்லை. பிறகு திறந்து பார்த்தால் அரிசி வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்தது. அக்காவுக்குப் போன் போட்டார். லாரிச் சத்தத்தில் முப்பத்தொரு வருஷம் இருந்த காது கொஞ்சம் மந்தம், அதனால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அக்கா அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தது என் மிஷின்வரை கேட்டது. அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டே ரொம்ப நாளாகியிருந்தது. போனை வைத்துவிட்டு அவர் நடையில் வந்து நின்றார். முகம் ஒரு மாதிரி மலர்ந்திருந்தது.

மறுநாள் சோறு குழைந்தது. அதற்கு மறுநாள் விதையாக நின்றது. நாலாம் நாள் அவருக்குள் இருந்த எடைமேடை விழித்துக்கொண்டது. சமையலறைத் தராசில் அரிசியை நிறுத்தார். தண்ணீரை அளந்தார். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினார். இரண்டரை கப் என்பது அந்த அரிசிக்கு அரைக்கால் கப் அதிகம் என்று கண்டுபிடித்தார். ஆறாம் நாள் ஒரு கிண்ணத்தில் எனக்குக் கொண்டுவந்து நீட்டினார். ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக, மல்லிகை மொட்டு மாதிரி. இருபது வருஷமாகச் சோறு வடிக்கும் எனக்கு மூக்கு உடைந்தது.

ஆனால் பதினொரு மணி போன் மட்டும் நிற்கவில்லை. பத்தரை மணிக்குக் குக்கரைப் போடுவார். பதினொன்றுக்குப் போனை எடுப்பார். நான் ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்பேன்.

"தண்ணி எவ்வளவு வைக்கணும்?"

அந்தப் பக்கம் அக்கா பொறுமையாக மறுபடியும் சொல்வாள். அரிசியைக் கழுவணும், இரண்டரை, துடைக்கணும். இவர் உம் கொட்டுவார். இவர் உம் கொட்டிக்கொண்டிருக்கும்போதே பின்னால் குக்கர் டக் என்று எழும்பும். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. அக்கா தண்ணீரில் தொடங்கி எங்கெங்கோ போவாள்: மகளுக்குக் கால் வீங்கியிருக்கிறது, மாப்பிள்ளை நல்ல பையன், ஜன்னலைத் திறந்தால் மரம் தெரிகிறது. இவர் எல்லாவற்றுக்கும் உம். ஒரு நாள் குழந்தை பிறந்த சேதி வந்தது, பெண் குழந்தை. இவர் கேட்ட ஒரே கேள்வி, எடை என்ன என்பது. இரண்டு கிலோ எண்ணூற்று ஐம்பது கிராம். அன்று முழுக்கப் பால்காரரிலிருந்து கீழ்வீட்டு வாத்தியார்வரை எல்லாரிடமும் அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது நான் சும்மா இருக்காமல் சீண்டினேன். டன் கணக்கில் எடை போட்ட மனிதருக்கு டம்ளர் கணக்கு தினமும் மறந்துபோகிறதா என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். கிண்ணத்தை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் பதில் சொன்னார்.

"வேற என்னத்தம்மா கேக்கறது? நீயே சொல்லு."

அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். மகள் எப்படி இருக்கிறாள் என்று கேளுங்கள், போனை அவளிடம் கொடுக்கச் சொல்லுங்கள் என்று வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். ஊர் வம்பெல்லாம் பேசுகிற வாய் அன்றைக்கு இளித்துவிட்டு வந்தது.

ஐந்தாவது வாரத்தில் அக்காவின் பேச்சு குறைந்தது. குழந்தைக்கு வயிறு சரியில்லை, மகளுக்குக் காய்ச்சல். இவர் தண்ணி எவ்வளவு என்று தொடங்கியதும், "சுவத்துல ஒட்டியிருக்கேனே, பாத்துக்குங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். இரண்டு நாள் அப்படி ஆனது. மூன்றாம் நாள், அவள் போன முப்பத்தேழாவது நாள், எடைக்காரர் தன் வாழ்நாளில் முதல் பொய்யைச் சொன்னார். குக்கர் கெட்டுவிட்டதாம். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம், தலை சுற்றுகிறதாம். சொல்லும்போதே குரல் கம்மியது. குரல் கம்மியது பொய் சொன்ன வெட்கத்தில், பசியில் இல்லை. அவர் வாய் மூடும் முன்னால் அந்தக் கெட்டுப்போன குக்கர் பின்னாலிருந்து டக் என்று எழும்பியது.

சாயங்காலம் அக்கா என்னைக் கூப்பிட்டாள். உண்மையா என்று கேட்டாள். அந்த நேரம் பார்த்து எடைக்காரர் என் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நிலையைப் பிடித்துக்கொண்டு, டீச்சர் முன்னால் நிற்கும் பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, விளையாட்டாகவும் இருந்தது. அவருக்கு நாலு நல்ல வார்த்தை கிடைக்கட்டுமே, அதில் என்ன குறைந்துவிடப் போகிறது என்று தோன்றியது.

"ஆமாக்கா. கொஞ்சம் இளைச்சுதான் போயிட்டாரு."

இவ்வளவுதான் நான் சொன்னது. அக்கா சரி என்று வைத்துவிட்டாள்.

தொண்ணூறு நாள் என்று போனவள் நாற்பதாவது நாள் படியேறி வந்தாள். கையில் கொண்டுபோன அதே பை, கண்ணுக்குக் கீழே கருவளையம். காலை பதினொரு மணி. அவர் கதவைத் திறந்தார். அவள் உள்ளே கால் வைக்கவும் குக்கர் எழும்பவும் சரியாக இருந்தது. என் வாசலிலிருந்து எல்லாம் தெரிந்தது. அவள் பையை இறக்கி வைத்துவிட்டு நேராகச் சமையலறைக்குப் போய் மூடியைத் திறந்தாள். ஆவி அடங்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். துடைத்து வைத்த மேடை, கவிழ்த்து வைத்த கப், காலண்டர் தாளில் அவர் எழுதிய கணக்கு எல்லாவற்றையும் பார்த்திருப்பாள். கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் பரிமாறினார். அவள் கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டாள்.

"நல்லா வந்திருக்கு" என்றாள்.

சண்டை வரும் என்று மூன்று நாள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். வரவே இல்லை. ஆனால் அன்றிலிருந்து அக்கா அந்த வீட்டில் சோறு வைக்கவில்லை. மற்றதெல்லாம் செய்வாள், சோறு மட்டும் அவர் வேலை. கோபமாகவும் இல்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. பத்தரை ஆனால், "என்னங்க, நேரமாச்சு" என்பாள், அவர் எழுந்து போவார். அப்படியே பழகிவிட்டது.

மகள் மட்டும் பழகவில்லை. அக்கா போன் செய்தால் இரண்டு வார்த்தை. மறுபடி வரட்டுமா என்று இவள் கேட்டதற்கு, "வேண்டாம்மா, அவர் பட்டினி கிடப்பாரு" என்று சொன்னாளாம். அதற்குப் பிறகு மாப்பிள்ளைக்கு வேலை மாற்றலாகி, ஒரு பகலும் ஓர் இரவும் ரயிலில் போக வேண்டிய தூரத்துக்குப் போய்விட்டார்கள். பேச்சு வாரம் ஒன்று, மாதம் ஒன்று, பிறகு எப்போதாவது என்று தேய்ந்தது. அக்காவின் சிரிப்பும் கூடவே தேய்ந்தது. எடைக்காரருக்கு அது தெரியாமல் இருக்குமா? ஒரு குண்டூசி குறைந்தாலும் கண்டுபிடிக்கிறவர். தெரிந்தும் படியில் நின்றார்.

மூன்று வருஷம் ஓடிவிட்டது. போன மாதம் அக்கா ஒரு துணி எடுத்து வந்தாள், இளம் பச்சையில் சின்னச் சின்னப் பூப் போட்டது. பேத்திக்கு ஒரு கவுன் தைத்துத் தபாலில் அனுப்ப வேண்டும் என்றாள். நான் நாடாவை எடுத்துக்கொண்டு, உயரம் எவ்வளவு, மார்பு எவ்வளவு என்று கேட்டேன். என் வாய்க்கு வழக்கமாக வருகிற கேள்வி. அக்கா துணியைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"தெரியலையே" என்றாள்.

நடையில் எடைக்காரர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. அவருக்குத் தெரிந்த அளவு இரண்டு கிலோ எண்ணூற்று ஐம்பது கிராமோடு நின்றிருந்தது.

மறுநாள் அக்கா கடைக்குப் போன நேரம் பார்த்து, பத்து மணி இருக்கும், அவர் என் வீட்டுக்குள் வந்தார். இத்தனை வருஷத்தில் வாசலைத் தாண்டி வந்தது அன்றுதான். மகள் நம்பருக்குப் போட்டுக் கொடுக்கச் சொன்னார். அக்கா உட்காரும் முக்காலியில் உட்கார்ந்து, என் போனை ஸ்பீக்கரில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவள் எடுத்ததும், ஹலோ சொல்லக்கூட இடம் கொடுக்காமல், மனப்பாடம் செய்து வந்ததை ஒப்பித்தார். குக்கர் அன்றைக்குக் கெடவில்லை, நான் பட்டினி கிடக்கவில்லை, பொய் சொல்லித்தான் அம்மாவை வரவழைத்தேன், அவள் மேல் தப்பில்லை, என்னைத் திட்டு, அவளோடு பேசு என்றார்.

பிறகு அவள் பேசினாள். குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

"தெரியும்பா. அப்பவே தெரியும். பதினோரு மணிக்கு அம்மா சமையல்ல இருப்பா, பாப்பா வந்தப்புறம் பாப்பாவைக் குளிப்பாட்டுவா, கை ஈரமா இருக்கும், நான்தான் போனை ஸ்பீக்கர்ல போட்டுப் பிடிச்சுட்டு நிப்பேன். நீங்க தண்ணி எவ்வளவுன்னு கேப்பீங்க, பின்னாடி குக்கர் டக்குன்னும். நாங்க ரெண்டு பேரும் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்போம். குக்கர் கெட்டுப்போச்சுன்னு சொன்னீங்களே, அன்னிக்கும் அந்தச் சத்தம் கேட்டுச்சு."

எடைக்காரர் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தெரிஞ்சும் ஏம்மா போறேன்னு கேட்டேன். 'பொய்யே சொல்லாத மனுஷன், பொய் சொல்ற நிலைமைக்கு வந்துட்டாரேடி'ன்னா. அதுக்கு மேல நான் என்ன சொல்றது? போன்னுட்டேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் விடவில்லை.

"தினமும் அந்தப் போனை நான்தான்பா பிடிச்சுக்கிட்டு இருந்தேன். அவ எப்படி இருக்கான்னு ஒரு தடவை கேப்பீங்கன்னு பாத்தேன். கேட்டிருந்தா நானே பேசியிருப்பேன். ஒரு நாளும் கேக்கலை."

என் பங்குக்கும் நான் அந்தப் பொய்யில் இருக்கிறேன். அக்காவுக்குத் தெரியும் என்றால், நான் சொன்னதும் பொய் என்று தெரியும். தெரிந்தும் மூன்று வருஷமாக என்னிடம் துணி கொண்டுவருகிறாள், பொத்தான் தைத்துக் கொடுக்கிறாள், ஒரு வார்த்தை கேட்டதில்லை. போனை வாங்கி, நானும்தான் பொய் சொன்னேன் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கலாம். ஊசியில் நூல் கோர்ப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டேன்.

போனை வாயருகே கொண்டுபோய் அவர் கேட்டார்.

"நீ எப்படிம்மா இருக்கே?"

"நல்லா இருக்கேன்பா" என்றாள். உடனே, வேற்று மனிதரிடம் சொல்வதுபோல, பாப்பாவைப் பாலர் பள்ளியிலிருந்து கூட்டி வரவேண்டும், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

போன் இருட்டிய பிறகும் அவர் அதைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"முப்பத்தேழு தடவை கூப்பிட்டேம்மா" என்றார்.

அக்கா படியேறி வரும் சத்தம் கேட்டது. பையை வைத்துவிட்டு, என்னங்க, மணி பத்தே முக்கால் ஆகிறதே என்று கூப்பிட்டாள். அவர் எழுந்து, முக்காலியை இருந்த இடத்தில் சரியாக நகர்த்தி வைத்துவிட்டுப் போனார். குழாயில் தண்ணீர் விழுந்தது. அரிசி களைகிற சத்தம் வந்தது. பச்சைத் துணி என் அலமாரியில் மடித்தபடியே இருக்கிறது. அளவு கேட்க எங்கள் மூன்று பேருக்கும் மறந்துபோய்விட்டது.